அறுபதாம் குன்றின் அடியில்

சுரங்கம் என்பது ஒரு சொல். அதற்குப் பொருளோ மூன்று. பொன்னும் செம்பும் நிலக்கரியும் தோண்டி எடுக்கும் குழியைச் சுரங்கம் என்கின்றோம். மண்ணுக்கடியில் மறைந்து செல்லும் வழியும் சுரங்கமே. பகைவனின் காலடியிற் புதைத்து வைக்கும் வெடிக்கும் அதுவே பெயர். சிலப்பதிகாரத்து மதுரையில் வரும் சுருங்கை நிலத்தின் கீழ்ச் சென்ற வழி. அச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்ததெனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் கொள்வர். மகாபாரதத்தில் அரக்குமாளிகை எரிந்த இரவிலே பாண்டவரும் குந்தியும் உயிர் பிழைத்ததும் சுரங்கவழியினாலேயே. அவ்வழியைத் தோண்டுதற்கு விதுரன் அனுப்பியவன் ஒரு தொழிலாளி. அத்துணைப் பெரிய இதிகாசத்திலே அவனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது, பெயர்கூட இல்லை. ஆனால் அவன் அன்று தோண்டாதிருந்தால் பாரதக் கதை அந்த மாளிகையோடு சாம்பராகியிருக்கும் அன்றோ?

ஒலிவர் ஹோல்ம்ஸ் வூட்வார்ட் என்ற அவுஸ்திரேலியரின் வரலாற்றைப் படித்தபொழுது எனக்கு இந்தப் பெயரில்லாத் தொழிலாளி நினைவுக்கு வந்தான். சுரங்கம் என்ற சொல்லின் மூன்று பொருள்களும் இவர் ஒருவருடைய வாழ்விலே வந்து கூடின. அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரேயொரு கணத்தைப் பற்றியே பேசுவர். நான் அக்கணத்தினும் அதற்கு முந்திய ஏழு மாதங்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல விரும்புகின்றேன்.

வூட்வார்ட் 1885ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டென்டர்பீல்ட் என்ற ஊரிலே பிறந்தார். குவீன்ஸ்லாந்திலே சார்ட்டர்ஸ் டவர்ஸ் என்னும் பொன்வயல் நகரத்துச் சுரங்கக் கல்லூரியிற் பயின்றார். மவுண்ட் மோர்கன் சுரங்கத்திலும், பின்னர் பப்புவாத் தீவிலே மொறெஸ்பித் துறைமுகத்தை அடுத்திருந்த செம்புச் சுரங்கத்திலும் தொழில் பார்த்தார். கல்லை உடைத்து உலோகம் காண்பதும், கீழே இறங்கிய ஆட்கள் மாலையில் உயிரோடு மேலே வருவதைப் பார்த்துக்கொள்வதுமே அவர் கற்ற வித்தை. இரண்டாவது முதலாவதைக் காட்டிலும் கடினமானது என்பதைச் சுரங்கத் தொழில் தெரிந்தவர்கள் அறிவர்.

1914இல் ஐரோப்பாவிலே மூண்ட யுத்தம் ஓராண்டுக்குள் அசைவற்றுப் போயிற்று. வட கடலோரம் தொடங்கிச் சுவிற்சலாந்து எல்லை மட்டும் இரு திறத்தாரும் அகழிகள் வெட்டி எதிரெதிரே உட்கார்ந்துவிட்டனர். முட்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் கடந்து மேலே செல்வதற்கு வழியில்லை என்று கண்டபின், கீழே செல்வதற்கு வழி தேடினர். கோட்டை மதிலின் அடியைத் தோண்டி, மரத்தால் முட்டுக்கொடுத்து, அம்மரத்துக்குத் தீ வைத்து மதிலைச் சரித்தல் பழைய காலத்து முற்றுகை முறை. அது இருபதாம் நூற்றாண்டிலே புது வெடிமருந்தோடு திரும்பி வந்தது. படைவீரருக்குத் தெரியாத அத்தொழிலைச் செய்யச் சுரங்கத் தொழிலாளரே வேண்டியிருந்தனர். அவுஸ்திரேலியாவிலே அவர்களைத் திரட்டிச் சுரங்கப் படையொன்று அமைத்தார்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்திலே புவிச்சரிதவியற் பேராசிரியராயிருந்த எட்ஜ்வேர்த் டேவிட், ஐம்பத்தெட்டாம் வயதை நெருங்கிய நிலையிலும், அப்படையோடு தாமும் புறப்பட்டார். தென்துருவப் பனிவெளியிலே நடந்து தென் காந்தமுனைவரை சென்று மீண்டவர் அவர். இளைப்பாற விரும்பாத மனிதர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1916 பெப்ரவரியிலே ‘யுலிசிஸ்’ என்ற கப்பல் இவர்களைச் சிட்னியிலிருந்து ஏற்றிச் சென்றது. மே மாதத்திலே பிரான்சை அடைந்தார்கள்.

பெல்ஜியத்திலே ஈப்ரே நகருக்குத் தென்கிழக்கே ‘அறுபதாம் குன்று’ என ஒன்று உண்டு. குன்று என்ற சொல்லைக் கேட்டு வாசகர்கள் ஒரு மலையைக் கற்பனை செய்யலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகையிரதப் பாதைக்காக நிலத்தை வெட்டியபோது அள்ளிக் கொட்டிய மண்மேடு அது. கடல்மட்டத்துக்கு மேல் அறுபது மீற்றர் என்ற கணக்கினாற் பெற்ற பெயர். பாதையின் மறுபுறத்தே, வளைந்து நீண்டு கிடந்த மற்றொரு மேட்டுக்கு அதன் உருவம் பற்றி ‘மயிர்க்கொட்டி’ என்று பெயர். ஆயினும் தட்டையான அந்நிலத்திலே சிறு மேடும் பெரிய மேடுதான். அதில் நிற்பவன் ஈப்ரேயைச் சூழ்ந்த பிரித்தானியப் படையின் அசைவெல்லாம் காண்பான். 1915 ஏப்பிரலில் பிரித்தானியர் அடியில் வெடி வைத்து அதனைப் பிடித்தனர். மே மாதத்திலே ஜேர்மானியர் நச்சுவாயுவை ஏவி அதனைத் திரும்பக் கைப்பற்றினர். அதன்பின் யுத்தம் கீழ்நோக்கிச் சென்றது.

இனி அந்த மண்ணின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். ஏனெனில் கதையின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. மேலே நீர் ஊறிய மணலும் சேறும். தோண்டத் தோண்ட அது குழம்பாகி உள்ளே வழியும். அதற்குக் கீழே நீலக்களி என்னும் இறுகிய களிமண் படை. அப்படையை எட்டிவிட்டால் ஓசையில்லாமலும் ஒழுக்கில்லாமலும் தோண்டலாம். 1915 ஓகஸ்டிலே பிரித்தானியச் சுரங்கப் படைப்பிரிவொன்று தன் முன்னணி அகழிக்கு 220 யார் பின்னே தொடங்கி இவ்வழியை வெட்டியது. அடுத்த ஆண்டிலே கனேடியர் வந்து வேலையைத் தொடர்ந்தனர். ஏறத்தாழத் தொண்ணூறு அடி ஆழத்தில் அறுபதாம் குன்றின் கீழே 53,500 இறாத்தலும், நூறடி ஆழத்தில் ‘மயிர்க்கொட்டி’யின் கீழே 70,000 இறாத்தலும் வெடிமருந்தை அவர்கள் அடுக்கி வைத்தனர். 1916ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாவது அவுஸ்திரேலியச் சுரங்கப் படைப்பிரிவு அவ்விடத்தைப் பொறுப்பேற்றபோது, சுரங்கங்கள் இரண்டும் நிறைந்திருந்தன. ஆகவே வூட்வார்ட் தோண்டிய சுரங்கங்கள் என்று சொல்வது பிழை. அவர் காத்த சுரங்கங்கள் என்பதே சரி. ஒரு சுரங்கத்தைத் தோண்டுவதிலும், தோண்டிய சுரங்கத்தைப் பகைவன் அறியாமல் ஏழு மாதம் காப்பது அரிய செயல் என்பது என் எண்ணம்.

முதற் பகை நீர். அமொனல் என்ற அவ்வெடிமருந்தின் பெரும் பங்கு அமோனியம் நைத்திரேற்று. அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் பட்டால் வெடியாது. ஆகவே தகரங்களில் அடைத்து, நீர் புகாமல் முத்திரையிட்டு வைத்திருந்தனர். சுவர்களிலிருந்து கசியும் நீரை இரவும் பகலும் இறைத்தனர். பெருகிய மண்ணின் அழுத்தத்தால் தாங்குமரங்கள் வளைந்தன, அவற்றை மாற்றினர். வெடிமருந்துக்குச் செல்லும் மின்கம்பிகளை இடையறாது சோதித்து, ஓட்டம் அறாதிருப்பதை உறுதி செய்தனர். அள்ளிய நீலக்களியை மூட்டையாய்க் கட்டி இரவோடிரவாக எடுத்து மறைத்தனர். அந்த நிறத்து மண்ணை மேலே கண்டால் எவ்வளவு ஆழத்தில் வேலை நடக்கின்றதென்று ஜேர்மானியர் கண்டுகொள்வர்.

இரண்டாவது பகை காற்று. வெடித்தபின் தேங்கும் காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மனிதன் அதை உணருமுன் மயங்கிவிடுவான். ஆகவே கனேரிக் குருவிகளையும் வெள்ளெலிகளையும் கூட்டிலிட்டுக் கீழே கொண்டுசென்றனர். குருவி கொம்பிலிருந்து விழுந்தால் மனிதன் ஓட வேண்டும். இது நிலக்கரிச் சுரங்கத்து வழக்கம், யுத்தத்துக்காகக் கண்டுபிடித்ததன்று.

மூன்றாவது பகை மனிதன். அவனை வெல்ல வேண்டிய கருவி கைக்குண்டோ துப்பாக்கியோ அன்று, காது.

தோண்டும் முறையே ஓசையை அடக்குவதற்கென்று அமைந்தது. பிரித்தானியரின் களிமண் வெட்டும் முறை மன்செஸ்டர் நகரத்துக் கழிவுநீர்க் குழாய்களை அமைத்த தொழிலாளரிடமிருந்து வந்தது. தொழிலாளி சிலுவை போன்ற ஒரு மரச்சட்டத்திற் சாய்ந்து கிடந்து, இரு காலாலும் ஒடுங்கிய மண்வாரியைக் களிக்குள் உதைத்துச் செலுத்துவான். ஓங்கி வெட்டும் ஓசை அங்கே இல்லை. பேச்சும் இரகசியக் குரலிலேதான். கிளைச் சுரங்கங்களின் முனையிலே ஒலி கேட்போர் இருந்தனர். பிரெஞ்சுக்காரர் ஆக்கிய ஒரு கருவி அவர்களுக்கு உதவிற்று. பாதரசம் அடைத்த இரண்டு மரவில்லைகளை நிலத்தில் வைத்து, வைத்தியர் நெஞ்சொலி கேட்கும் குழாய் போன்ற குழாயால் இரு காதிலும் கேட்பர். இரண்டு வில்லைகளையும் நகர்த்தி நகர்த்தி, இரு காதிலும் ஒலி சமமாகும் வரை பார்ப்பர். ஒலி வரும் திசை அதனால் விளங்கும். பழகிய காது, கேட்பது மண்வாரியா, மணல்மூட்டையை இழுக்கும் ஓசையா, வெடிமருந்துத் தகரத்தை அடுக்கும் ஓசையா என்று பிரித்து அறியும். தோண்டும் ஓசை கேட்கும்வரை பயமில்லை. அது நின்றபொழுதுதான் நெஞ்சு துணுக்குறும். தோண்டியவன் மருந்தை அடைத்துவிட்டான் என்பது அதன் பொருளாகலாம்.

எதிரே கேட்டுக்கொண்டிருந்தவனும் பெரும்பாலும் ஒரு சுரங்கத் தொழிலாளியே. அவனும் நிலக்கரி தோண்டிய கையன். அவனும் குருவியைப் பார்த்து மூச்சுவிட்டவன். சமாதான காலத்திலே சுரங்கம் சரிந்து ஆட்கள் புதைந்தால், மேலே நிற்போர் நிலத்திற் காதை வைத்து, கீழேயிருந்து தட்டும் ஓசை வருகின்றதா என்று கேட்பர். ஓசை வந்த பக்கம் தோண்டுவர். அதே செவி, அதே பொறுமை, அதே கணக்கு இங்கே தலைகீழாயின. ஓசை வந்த பக்கம் வெடி வைத்தனர். இந்த யுத்தத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இதனினும் கொடிய மாற்றம் வேறில்லை. நச்சுவாயு புதிய கொடுமை. இதுவோ ஒரு நல்ல வித்தையைத் திருப்பிப் பிடித்தது.

இவ்வாறு காதுகளால் நிகழ்ந்த போரில் நடந்த ஒன்றை அவுஸ்திரேலிய யுத்த வரலாற்றாசிரியர் சார்ள்ஸ் பீன் எழுதி வைத்திருக்கின்றார். 1917 மே மாதம் ஜேர்மானியர் வைத்த எதிர்வெடி ஒன்றினால் ஒரு கிளைச் சுரங்கம் இடிந்து, ஒலி கேட்கச் சென்ற சிப்பாய் ஒருவன் உள்ளே அடைபட்டான். வெளியே நண்பர்கள் தோண்டும் ஓசையை அவன் கேட்டிருப்பான். அவர்கள் வருமுன் உயிர் போகுமோ என்பது அவனுக்குத் தெரியாது. அந்நிலையிலும் அவன் தன் வேலையை விடவில்லை. ஜேர்மானியர் எந்தப் பக்கம் தோண்டுகின்றனர் என்று கேட்டுக் குறித்து வைத்தான். வீட்டுக்கும் கடிதம் எழுதினான். இரண்டு நாள் கழிந்தபின் அவனை உயிரோடு மீட்டனர்; ஆயினும் பின்னர் அவன் பிழைக்கவில்லை.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன், ஏப்பிரல் 25ஆம் நாள், பகைவர் கையினாலன்றித் தம் கையிலிருந்த வெடியினாலேயே பத்துப் பேர் மாண்டனர். நிலத்தடித் தலைமைக் குடிலிலே, வெடியைத் தூண்டும் டெற்றனேற்றர் குழல்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து அது. அவுஸ்திரேலியர் கலிபோலிக் கரையில் இறங்கிய நினைவு நாளும் அன்றுதான்.

ஜேர்மானியர் மிக அருகே வந்துவிட்டனர். அவர்கள் தோண்டும் ஓசை பெரிய வெடிமருந்து அறைக்குச் சில அடி தூரத்திலே கேட்டது. எதிர்வெடி வைத்து அவர்களை அழிக்கலாம். ஆனால் வைத்தால் இங்கே ஆழத்தில் ஏதோ ஒன்று காக்கப்படுகின்றது என்ற இரகசியம் வெளிப்படலாம். வையாவிட்டாலோ அவர்கள் நேரே உள்ளே வந்துவிடலாம். எப்பொழுது வாளாவிருப்பது, எப்பொழுது அடிப்பது என்பதைக் காதினால் கேட்டதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 7ஆம் நாள் அதிகாலை 3 மணி 10 நிமிடம் என்று நேரம் குறித்தார்கள். மெசீன்ஸ் மேட்டுத் தொடரின் அடியில், அறுபதாம் குன்று முதலாகத் தெற்கே பல மைல் தூரத்துக்கு, பத்தொன்பது சுரங்கங்கள் அன்று வெடிக்கக் காத்திருந்தன. வடகோடியிலிருந்த இரண்டும் கப்டன் வூட்வார்ட்டின் பொறுப்பு. அன்றிரவு அவர் மின்கம்பிகளை மீண்டும் மீண்டும் சோதித்தார். எங்கோ ஒரு கம்பி அறுந்திருந்தால், இரண்டாண்டுப் பிரயாசை வீணாகும். அது மட்டுமா, தாக்குதலுக்குக் காத்திருந்த காலாட்படை வெடியாத குன்றின் முன்னே எழுந்து நின்று மடியும். பிரிகேடியர் ஜெனரல் லம்பேட் கையிலே கடிகாரத்துடன் பக்கத்தில் நின்று நிமிடங்களையும் பின்னர் விநாடிகளையும் எண்ணினார். மின்னாளி பிழைத்தாலும் வெடி பிழைக்காதிருக்கும்படி, கையால் இயக்கும் வெடிப்பொறிகளோடு இரண்டு அதிகாரிகளும் நின்றனர். கட்டளை வந்ததும் வூட்வார்ட் ஆளியைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் கை மின்முனையிற் பட்டு அவரையே மின் அதிரவைத்தது. வெடித்ததா, இல்லையா என்று ஒரு நொடி அவருக்கே விளங்கவில்லை என்று பின்னர் எழுதினார். அடுத்த நொடியில் நிலம் அசைந்தது.

அதன் முழக்கம் இங்கிலாந்து வரை கேட்டது. அறுபதாம் குன்றிலும் ‘மயிர்க்கொட்டி’யிலும் இருந்த வூட்டெம்பேர்க் நாட்டுப் படைப்பிரிவிலே ஏறத்தாழ எழுநூறு பேர் அக்கணத்தில் மாண்டனர். பத்தொன்பது சுரங்கங்களாலும் பதினாயிரம் பேர் மடிந்தனர் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. அது மிகைக் கணக்கென்று பிற்கால ஆராய்ச்சியாளர் சொல்கின்றனர். மேட்டுத்தொடர் அன்றே பிரித்தானியர் வசமாயிற்று. பத்து மாதங்கழிய, 1918 ஏப்பிரலிலே, ஜேர்மானியர் மீண்டும் அங்கே வந்து நின்றனர். செப்டெம்பரிலே அவர்களைத் திரும்பவும் துரத்த வேண்டியிருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களையும் வீரக்கதை சொல்வோர் அநேகமாக விட்டுவிடுகின்றனர்.

வகுப்பிலே இதனைச் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஆளியைத் தள்ளியவர் குற்றவாளியா சேர்?” என்று கேட்டான். யுத்தத்தில் துப்பாக்கி பிடித்த எல்லோரையும் அந்தக் கேள்வி சேரும் என்று மட்டும் சொன்னேன். தள்ளிய கை ஒன்று; ஆனால் அதற்குமுன் களியை உதைத்தவர், நீரை இறைத்தவர், மூட்டை சுமந்தவர், இருட்டில் காதைக் கொடுத்துக் கிடந்தவர் எத்தனை பேர்! கணத்துக்குப் பெயர் கிடைத்தது, மாதங்களுக்குக் கிடைக்கவில்லை. வூட்வார்ட்டும் தம் யுத்த அனுபவங்களை விரிவாக எழுதி வைத்திராவிடின், விதுரன் அனுப்பிய தொழிலாளியின் வரிசையிலேயே போய் நின்றிருப்பார்.

1918 நவம்பர் 4ஆம் நாள், யுத்தம் முடிய ஒரு வாரமே இருந்தது. அவுஸ்திரேலியக் காலாட்படை அதற்கு முன்னரே ஓய்வுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. சுரங்கப் படையினரோ இன்னும் முன்னணியில் இருந்தனர். பிரான்சிலே சம்பர் ஆற்றையும் உவாஸ் ஆற்றையும் இணைக்கும் கால்வாயில், ரெஜே தெ பொலியூ என்ற ஊரருகேயுள்ள மதகினிலே, டாங்கிகள் செல்லத்தக்க பாலம் ஒன்றை வூட்வார்ட்டின் ஆட்கள் குண்டுமழைக்கு நடுவே கட்டினர். அவருக்கு மூன்றாம் முறையாக இராணுவச் சிலுவை என்ற விருது கிடைத்தது. அதே காலையில், அதே கால்வாயில், சில மைல் வடக்கே, ஓர்ஸ் என்ற ஊருக்கருகில் மற்றொரு பிரித்தானிய அதிகாரி சுடப்பட்டு வீழ்ந்தார். அவர்தான் கவிஞர் வில்பிரட் ஓவன். இலக்கிய அன்பர்கள் அவரை நன்கு அறிவர். அவ்வாண்டு ஜனவரியிலே இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டபோது, ‘சுரங்கத் தொழிலாளர்’ என்ற கவிதையை எழுதி, மண்ணுக்கடியில் மடிந்தவரையும் போர்க்களத்தில் மடிந்தவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அவர். ஒரே கால்வாயிலே அன்று ஒரு சுரங்கக்காரர் உயிரோடிருக்க, சுரங்கக்காரரைப் பாடியவர் இறந்தார்.

வூட்வார்ட் தாயகம் திரும்பித் தம் பழைய தொழிலையே மேற்கொண்டார். போர்ட் பிரி உலோக உருக்காலையில் உயர் பதவி வகித்தார். 1935 முதல் 1947 வரை நோர்த் புரோக்கன் ஹில் சுரங்கக் கம்பனியின் பொது முகாமையாளராயிருந்தார். 1966ஆம் ஆண்டு அடிலெய்டிலே காலமானார். 2010ஆம் ஆண்டு இவர் கதையைத் திரைப்படமாக்கினார்கள். அதன்பிறகே பல அவுஸ்திரேலியருக்கும் இவர் பெயர் தெரியவந்தது.

அறுபதாம் குன்றை இன்று காண்போர் புல் மூடிய குழிகளையும் மேடுகளையுமே காண்பர். அங்கே இறந்தோர் பலரை வெளியே எடுக்கவில்லை. மண்ணே அவர்களுக்குக் கல்லறை. முதலாவது அவுஸ்திரேலியச் சுரங்கப் படைப்பிரிவுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் வாயிலருகே நிற்கின்றது. அதன்மேற் காணப்படும் குண்டுத் தழும்புகள் இரண்டாம் உலக யுத்தத்தில் ஏற்பட்டவை. ‘மயிர்க்கொட்டி’யின் குழியிலே நீர் தேங்கி, மரங்கள் சூழ்ந்த குளமாகியிருக்கின்றது.

மெசீன்ஸ் தொடரின் அடியில் வைத்த சுரங்கங்கள் யாவும் அன்று வெடிக்கவில்லை. தெற்கே பிளக்ஸ்ரீற் பக்கத்தில் தேவையில்லையென்று விட்டுவைத்தவற்றுள் ஒன்று, 1955 ஜூன் மாதத்திலே ஓர் இரவு இடிமின்னலின்போது தானே வெடித்தது. இறந்தது ஒரு பசு மட்டுமே. மற்றவை இன்னும் அடியிலே கிடக்க, மேலே கமக்காரர் உழுது பயிரிட்டு வருகின்றனர்.